நாலு மணிக் காவலும் ஒரு டோமினோ பெட்டியும்

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு கடல் கடலாகப் போகிறவர்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது?

காலை எட்டு மணி. பஹாமாஸ் தீவுகளில் ஜார்ஜ் டவுன் என்ற சிற்றூர். அதன் முன்னால் எலிசபெத் துறைமுகம் என்று பெயர்கொண்ட நீண்ட கடற்பரப்பில் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே அடுப்பில் காபி கொதிக்கிறது. படகுக்குப் படகு விஎச்எஃப் ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு குரல் வணக்கம் சொல்லித் தொடங்குகிறது. அவசரச் செய்தி யாருக்காவது உண்டா என்று முதலில் கேட்கிறது. அடுத்து வானிலை, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்ற கணக்கு. அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. கடற்கரையில் யோகா, மத்தியானம் வாலிபால், கூடை முடையக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் மரத்தடி மேசைக்கு வரலாம், ஒருவரிடம் தண்ணீர் பம்புக்கான வளையம் உபரியாக இருக்கிறது, இன்னொருவருக்குக் கிடார் தந்தி வேண்டும். எல்லாம் முடிகிற நேரத்தில் அந்தக் குரல் கேட்கும்: "புதிதாக வந்து சேர்ந்தவர்கள் யாராவது?"

குளிர்காலத்தில் இங்கே 300 படகுகளுக்கு மேல் சேர்ந்துவிடுவது உண்டு. பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் இருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பிய இளம் குடும்பங்களும் இருக்கின்றன. கோடீஸ்வரர்களின் உல்லாசக் கப்பல் என்று நினைத்துவிட வேண்டாம். 40 அடிப் படகு என்றால் நீளம் 12 மீட்டர். அதற்குள் சமையற்கட்டு, கழிவறை, படுக்கை, எஞ்சின், தண்ணீர்த் தொட்டி, உபரிப் பாய், கயிறு, கருவிப்பெட்டி, மாதக்கணக்கில் வேண்டிய மளிகை எல்லாம் அடங்கியாக வேண்டும். கால் நீட்ட மிஞ்சுவது, நம் ஊர் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கூடம் அளவுகூட இருக்காது.

இப்படி வாழ்கிறவர்களிடம் கரையில் இருக்கிறவர்கள் முதலில் புயலைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து சுறா, கடற்கொள்ளையர். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "அது சரி, போரடிக்காதா?" என்பார்கள். எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி என்று தோன்றுகிறது. புயல் எப்போதோ வருகிறது. மாலை ஐந்து மணி தினமும் வருகிறது. அந்த மணியை எப்படிக் கடப்பது என்று தெரியாதவர்களால் படகில் நிலைக்க முடியாது.

இந்த வாழ்க்கையைப் பற்றிப் படித்துப் படித்து எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. படகில் இருக்கிற பொழுது இரண்டு வகை. நடுக்கடலில் ஓடும்போது ஒன்று, நங்கூரம் போட்டு நிற்கும்போது இன்னொன்று. ஓடும்போது, எந்த நொடியிலும் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடக்கூடிய பொழுதுபோக்குதான் பயன்படும். நிற்கும்போது, இன்னொரு மனிதர் இல்லாமல் நடக்காத பொழுதுபோக்கைத்தான் மனசு தேடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் சலித்துப்போகிறார்கள்.

முதலில் ஓடும் பொழுதைப் பார்ப்போம்.

பசிபிக்கைக் கடக்கிற படகுகளுக்கு கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கெசாஸ் தீவுகள் வரைதான் பெரிய தாண்டல். ஏறத்தாழ 3,000 கடல் மைல். சராசரியாக 5 நாட் வேகம் கிடைத்தால் ஒரு நாளைக்கு 120 கடல் மைல். ஆக 25 நாள். மணிக்கு 9 கிலோமீட்டர், அதாவது நிதானமாக சைக்கிள் மிதிக்கிற வேகம்கூட இல்லை. அந்த 25 நாளும் கரை கிடையாது. படகை எங்கும் நிறுத்த முடியாது. இரவில் நங்கூரம் போட்டுத் தூங்கலாம் என்றால் அடியில் ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர்.

பெரும்பாலான படகுகளில் இருப்பது இரண்டே பேர், கணவனும் மனைவியும். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் என்று காவலைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இதில் யாரும் முன்கூட்டி எதிர்பார்க்காத விளைவு ஒன்று உண்டு. 12 மீட்டர் நீளத்துக்குள் இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றாக அடைபட்டுக் கிடக்கப்போகிறோமே என்று பயந்து கிளம்புகிற தம்பதி, நடுக்கடலில் ஒருவரை ஒருவர் பார்க்கிறதே அபூர்வம் என்று கண்டுகொள்கிறார்கள். இவர் எழும்போது அவர் படுக்கப் போகிறார். படுக்கையில் இன்னும் அவருடைய சூடு இருக்கிறது. இருவரும் சேர்ந்து விழித்திருக்கிற நேரம் சாயங்காலத்தில் ஒன்றோ இரண்டோ மணி. அதனால் சாயங்காலச் சாப்பாடு அவர்களுக்குத் திருவிழா மாதிரி. அந்த ஒரு வேளைக்கு என்ன சமைப்பது என்று காலையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

காவலில் இருக்கிறவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைக்கிறோம். இல்லை. ஆட்டோபைலட்டோ, காற்றின் திசையை வைத்தே படகைத் திருப்புகிற விண்ட்வேனோ அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மனிதரின் வேலை பார்ப்பதும் கேட்பதும். பலர் கழுத்தில் சமையலறை டைமரைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது கிணுகிணுக்கும். எழுந்து நின்று அடிவானத்தை ஒரு முழுச்சுற்று பார்க்க வேண்டும். சரக்குக் கப்பல் 18 நாட் வேகத்தில் வந்தால் 20 நிமிடத்தில் 6 கடல் மைல் வந்துவிடும். வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் கப்பல் வந்து நிற்க அது போதும்.

ஆக, நடுக்கடலில் பொழுதுபோக்கின் அளவு 20 நிமிடம். இதை ஒரு அளவுகோலாக வைத்துப் பார்த்தால் எது ஓடும், எது ஓடாது என்று விளங்கிவிடும். சிறுகதை ஓடும். பின்னல் வேலை ஓடும், ஏனென்றால் எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம். ஒரு மொழியை வார்த்தை வார்த்தையாகக் கற்றுக்கொள்வது ஓடும். கயிற்று முடிச்சுகள் ரொம்பவே ஓடும்: தலைப்பாகை மாதிரிச் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு முடிச்சு உண்டு, அதைக் கற்றுக்கொண்டவர் சுக்கான், கைப்பிடி, தேநீர்க் குவளை என்று படகில் சுற்ற முடிந்த எல்லாவற்றிலும் அதைச் சுற்றிவிடுவார். சினிமா ஓடாது. திரையின் வெளிச்சம் கண்ணைக் குருடாக்கிவிடும். இருட்டுக்குக் கண் பழக மறுபடி அரை மணி நேரம் ஆகும். இரவுக் காவலில் படிக்கிறவர்கள் அதனால்தான் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் மூன்று நாளைக்கு அதுவும் முடியாது. கரையை விட்டதும் குமட்டல் வருகிறது. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் பலருக்கு வருகிறது. எழுத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அந்த மூன்று நாளில் கண்ணுக்கு வேலை வைக்காமல் காதுக்கு மட்டும் வேலை வைக்கிறதுதான் மருந்து. ஒலிப்புத்தகம் வந்தது படகுக்காரர்களுக்குப் பெரிய கொடை. காற்று படாத மூலையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, யாரோ நிதானமாகக் கதை சொல்லக் கேட்டுக்கொண்டே குமட்டலைக் கடந்துவிடுகிறார்கள். பாட்டி மடியில் படுத்துக் கதை கேட்ட பிள்ளைகளுக்கு இது புரியும்.

உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதருக்கு இந்த வசதி ஏதும் இல்லை. ஜோஷுவா ஸ்லோகம் 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பினார். தன் கையாலேயே புதுப்பித்துக் கட்டிய ஸ்ப்ரே என்ற படகு, ஏறத்தாழ 37 அடி. 46,000 மைல் ஓடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் வந்து சேர்ந்தார். சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டால் ஸ்ப்ரே தானாகவே நேர்கோட்டில் போகும். இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவு வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தான் சுக்கானைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார். மிச்ச நேரமெல்லாம் என்ன செய்தார்? படித்தார். துணி தைத்தார். சமைத்து, அவசரமில்லாமல் சாப்பிட்டார்.

ஆனால் அவர் பயணத்தின் தொடக்க நாட்களில் ஒன்று நடந்தது. பேச ஆள் இல்லாமல் தன் குரல் மங்கிக்கொண்டு போகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. உடனே மாலுமிகளுக்கு உத்தரவு போடுகிற மாதிரி உரக்கக் கத்த ஆரம்பித்தார். சுக்கானில் ஆள் நிற்பதாகப் பாவித்து, படகு எந்தத் திசையில் போகிறது என்று கேட்பார். பதில் வராது. அப்புறம் பாட ஆரம்பித்தார். தன் பாட்டைக் கேட்க ஓங்கில்கள் துள்ளி வந்ததாகவும் ஆமைகள் தலை தூக்கிப் பார்த்ததாகவும் சந்தோஷமாக எழுதி வைத்திருக்கிறார். செயின்ட் ஹெலினா தீவில் துணைக்கென்று ஒருவர் ஆடு ஒன்றைக் கொடுத்தார். அது மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையே தின்றுவிட்டது. அசென்ஷன் தீவில் அதை இறக்கிவிட்டுத்தான் மேலே போனார். துணை எல்லாம் துணை ஆகிவிடுவதில்லை.

தனிமை என்பது விளையாட்டுக் காரியமில்லை என்பதற்குச் சாட்சியாக நிற்பது 1968-ன் கோல்டன் குளோப் பந்தயம். எங்கும் நிற்காமல், தனியாக உலகைச் சுற்ற வேண்டும். கிளம்பியவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் ஒருவர். அந்த ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், ஓட்டிய சுஹைலி என்ற 32 அடிப் படகு பம்பாயில் நம் தச்சர்கள் தேக்கில் கட்டியது. வழியில் ரேடியோ பழுதாகிவிட்டது. உலகத்தோடு பேச்சில்லாமல் மாதக்கணக்கில் ஓடினார். உடம்புக்கு வேலை வேண்டும் என்பதற்காகக் காற்று தளர்ந்த நாட்களில் கடலில் குதித்து, படகுக்குப் பக்கத்திலேயே நீந்திவிட்டு ஏறிக்கொள்வார். 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பி வந்தார்.

அதே பந்தயத்தில் பெர்னார்ட் மொய்டெஸியே என்ற பிரெஞ்சுக்காரர். வியட்நாமில் வளர்ந்தவர். தன் படகுக்கு ஸ்லோகத்தின் நினைவாக ஜோஷுவா என்று பெயர் வைத்திருந்தார். பந்தயத்தில் ஜெயிக்கக்கூடிய நிலையில் இருந்தவர், ஊர் திரும்ப மனமில்லாமல், போகிற கப்பலின் மேல்தளத்துக்குக் கவணால் கடிதத்தை அடித்து அனுப்பிவிட்டு, மறுபடியும் கிழக்கே பாயை விரித்து தாஹித்தி வரைக்கும் போய்விட்டார். யோகா செய்தார், பறவைகளுக்குத் தீனி போட்டார், அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மாதம். டொனால்ட் குரோஹர்ஸ்ட்டுக்கோ அதே தனிமை வேறு முகம் காட்டியது. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடக்கணக்கை அனுப்பிவந்தார். 1969 ஜூலை 1-ஆம் தேதியோடு அவர் எழுதிய குறிப்பு நின்றுபோகிறது. ஜூலை 10 அன்று ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு நாக்ஸ்-ஜான்ஸ்டன் தன் பரிசுப் பணம் 5,000 பவுண்டையும் கொடுத்தார். பொழுதுபோக்கு பற்றிய கட்டுரையில் இந்தத் துக்கத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைக்கலாம். மனசுக்குப் பிடிமானம் வேண்டும் என்பதை, பிடிமானம் நழுவிய ஒருவரை நினைக்காமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பந்தயத்தை 2018-ல் மறுபடி தொடங்கியபோது, 1968-ல் இருந்த கருவிகளுக்கு மிஞ்சி எதுவும் கூடாது என்று விதி வைத்தார்கள். ஜிபிஎஸ் கிடையாது, சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து இடம் கணிக்க, கையில் செக்ஸ்டன்ட். பாட்டு கேட்க வேண்டுமென்றால் கேசட். நம் கேரளத்து அபிலாஷ் டோமி அந்த 2018 பந்தயத்தில் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி முதுகெலும்பு உடைந்து மீட்கப்பட்டவர். அவரே அடுத்த பந்தயத்தில் மறுபடியும் கிளம்பி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். இரண்டே பேர். மேலே சொன்ன காவல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இவர் தூங்க அவர் விழிக்க, அவர் தூங்க இவர் விழிக்க, எட்டு மாதம். ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நாலு இடங்களில் மட்டும் கரை.

இரவுக் காவலைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. அதிகாலை இரண்டு மணி. நிலா இல்லை. காற்று பின்பக்கத்திலிருந்து ஒரே சீராக வீசுகிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்கிறது. எங்கோ அலமாரிக்குள் ஒரு ஸ்பூன் ஒவ்வொரு சாய்வுக்கும் டங் என்கிறது. அந்த ஸ்பூனைத் தேடிப் பிடித்துத் துணியில் சுற்றி வைப்பதற்கே ஒரு மணி நேரம் போகும். வெளியே வந்து பார்த்தால், படகு கிழித்துப் போகிற தண்ணீர் பச்சையும் நீலமுமாக எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கலங்கும்போது விடுகிற வெளிச்சம் அது. அந்த இருட்டில் ஓங்கில் கூட்டம் வந்தால் உடம்பு தெரியாது. நெருப்புக் கோடுகள்தான் தெரியும், படகுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக. தெற்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் தணிந்து, நிலநடுக்கோட்டில் அடிவானத்துக்குள் இறங்கிவிடுகிறது. அகத்தியர் என்கிற நட்சத்திரம் மேலே மேலே ஏறுகிறது. தென்சிலுவை தலை நிமிர்கிறது. கழுத்தில் இருக்கிற டைமர் கிணுகிணுக்கிறது. ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திரையில் 20 மைல் தள்ளிப் போகிற கப்பலின் பெயரும் அது போகிற ஊரும் தெரிகின்றன. அதில் என்ன சரக்கு இருக்கும், அதன் மேல்தளத்தில் இந்நேரம் யார் விழித்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தால் காவல் மாறுகிற நேரம் வந்துவிடும்.

விடிந்ததும் மேல்தளத்தைச் சுற்றிவருவது முதல் வேலை. இரவில் பறந்து வந்து விழுந்த கோலா மீன்கள் கிடக்கும். பெரிதாக இருந்தால் வாணலிக்கு. பின்னால் தூண்டில் கயிறு எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும். சூரை மாட்டிக்கொண்டால் அன்றைய பகல் முழுவதும் அதுவே பேச்சு, அதுவே வேலை, அதுவே விருந்து. பாதி தூரம் கடந்த நாளைப் பல படகுகளில் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். கிளம்பும்போதே ஒருவருக்கொருவர் தெரியாமல் பரிசு சுற்றி ஒளித்து வைத்திருப்பார்கள். அன்று கேக் சுடுவார்கள். பதிமூன்றாம் நாள் பிரிக்கப்போகிற பொட்டலத்தைப் பற்றி இரண்டாம் நாளிலிருந்தே ஊகம் நடக்கும்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். கரையில் சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் வருகிறது. படகில் வெயிலும் காற்றும் கொடுத்தால்தான் உண்டு. 60 வாட் இழுக்கிற ஒரு கருவி, 12 வோல்ட் பேட்டரியில் மணிக்கு 5 ஆம்பியர்-மணியைத் தின்னும். நாள் முழுக்க ஓடவிட்டால் 120. பழைய வகை ஈயப் பேட்டரியாக இருந்தால் 400 ஆம்பியர்-மணித் திறனில் பாதியைத்தான் தொடலாம். மிச்சத்தில் ஃபிரிட்ஜ், ஆட்டோபைலட், ரேடியோ, விளக்கு. மேகம் மூடிய நாளில் ஒரு சினிமா பார்த்தால் ஃபிரிட்ஜில் இருக்கிற மீன் கெடுமா என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் கேட்காத சந்தோஷங்களுக்குப் படகில் மதிப்பு அதிகம். சீட்டுக்கட்டு, புத்தகம், வாய்ப்பாட்டு.

அதனால்தான் நங்கூரம் போட்ட இடங்களில் டோமினோ ராஜாவாக இருக்கிறது.

மெக்சிகன் ட்ரெய்ன் என்று ஒரு டோமினோ ஆட்டம். படகுக்காரர்களிடையே இதைத் தெரியாதவர் அபூர்வம். புள்ளிகள் பன்னிரண்டு வரைக்கும் போகிற 91 காய்கள். நடுவில் இரட்டைக் காய் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனி ரயில் மாதிரிக் காய்களை நீட்டிக்கொண்டு போக வேண்டும். பொதுவான ரயில் ஒன்றும் உண்டு; அதில் யாரும் காய் வைக்கலாம். கையில் பொருத்தமான காய் இல்லாதவர் தன் ரயிலின் மேல் ஒரு காசை வைத்துவிட வேண்டும். உடனே அந்த ரயில் மற்றவர்களுக்கும் திறந்துவிடும். பெரிய மூளை வேலை இல்லை. பேசிக்கொண்டே ஆடலாம். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே மேசையில் உட்காரலாம். இன்னொரு முக்கியமான காரணம், காய் கனமானது, தட்டையாகக் கிடக்கும். பக்கத்தில் ஒரு மோட்டார் படகு வேகமாகப் போய் அலை எழுப்பினாலும் இடம் மாறாது. சதுரங்கம் என்றால் காந்தப் பலகை வேண்டும். கேரம் போர்டைப் படகில் வைத்தால் ஸ்டிரைக்கர் தானாகவே ஆடும். யோசித்துப் பார்த்தால், நம் பல்லாங்குழி இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. சோழி குழிக்குள் கிடக்கிறது. படகு எவ்வளவு ஆடினாலும் ஆட்டம் கலையாது.

ஜார்ஜ் டவுனுக்குத் திரும்புவோம். இந்தத் துறைக்குக் 'கோழைத் துறைமுகம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கரீபியன் தீவுகளுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர்கள், இதற்கு அப்பால் எதிர்காற்றில் முட்டி மோதிப் போக வேண்டும் என்று கண்டதும், இங்கேயே நங்கூரத்தை இறக்கிவிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடில்லை. தங்கிவிட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆண்டுதோறும் கூடிக் கலைகிற ஒரு ஊரையே உண்டாக்கியிருக்கிறார்கள்.

எதிரே ஸ்டாக்கிங் தீவு. அதன் ஒரு கடற்கரைக்குப் பெயரே வாலிபால் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை அங்கேயே மரநிழலில் ஜெபக்கூட்டம். 1980-களின் தொடக்கத்திலிருந்து படகுக்காரர்கள் இங்கே விழா ஒன்றை நடத்திவருகிறார்கள். பாய்ப்பந்தயம், மணல் சிற்பம், கலைநிகழ்ச்சி. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தேங்காய்ப் போட்டி. துறை முழுக்கத் தேங்காய்களை மிதக்கவிடுவார்கள். கரைக்குப் போய்வர வைத்திருக்கிற டிங்கி என்ற சின்ன ரப்பர் படகில் குழுக்குழுவாகப் போய்ப் பொறுக்கி வர வேண்டும். எஞ்சின் கூடாது, துடுப்பும் கூடாது. நீச்சலுக்குக் காலில் மாட்டுகிற ரப்பர் ஃபின்னைக் கையில் வைத்துத் துழாவ வேண்டும். வங்கியில் மேலாளராக இருந்தவரும் பள்ளிக்கூடம் நடத்தியவரும் இடுப்பளவு நனைந்து, தேங்காய்க்காக ஒருவர் டிங்கியை ஒருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஆறு வயதில் செய்ததை அறுபது வயதில் மறுபடி செய்ய ஓர் இடம் கிடைக்கிறது என்றால், அதற்காக எத்தனை கடல் மைலும் ஓடலாம்.

ஊருக்குள் போக, சின்னப் பாலத்துக்கு அடியில் குனிந்து டிங்கியை ஓட்டி விக்டோரியா ஏரிக்குள் நுழைய வேண்டும். மளிகைக் கடையின் பின்பக்கத்திலேயே டிங்கித் துறை. குழாயில் இலவசமாகக் குடிதண்ணீர். கேன் கேனாகத் தண்ணீர் பிடிக்கிற வரிசையில்தான் பாதி நட்பு உண்டாகிறது. நம் தெருக்குழாயடியும் அப்படித்தானே. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் பையன் எந்தக் கல்லூரி என்பது வரைக்கும் அங்கேதான் தெரியும்.

புத்தகமும் இப்படித்தான் கை மாறுகிறது. உலகமெங்கும் படகுத் துறைகளில், முக்கியமாகத் துணி துவைக்கிற அறைகளில், ஒரு அலமாரி இருக்கும். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உப்புக்காற்றில் பக்கம் உப்பிப்போன, கடைசி இரண்டு தாள் கிழிந்த துப்பறியும் நாவல் எந்தெந்தக் கடலைக் கடந்து வந்ததோ. மின்னூல் கருவி வந்த பிறகு ஆயிரம் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். இடத்துக்கு அலைகிற படகில் அது பெரிய வரம். இருந்தாலும் அலமாரிகள் இன்னும் இருக்கின்றன.

இசைக்கருவிக்கு உப்புக்காற்று எமன். நல்ல மரக் கிடார் ஈரத்தில் உப்பி, ஒட்டு விட்டுப்போகும். அதனால் உகுலேலேயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். சின்னது, மலிவு, நைலான் தந்தி, துருப்பிடிக்காது. நாலு கார்டு (chord) தெரிந்தால் ஒரு பாட்டு வந்துவிடும். இரண்டு படகுக்காரர்கள் உகுலேலேயோடு சந்தித்தால் அன்று மாலை கடற்கரையில் கச்சேரி.

படகில் வளர்கிற பிள்ளைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். காலையில் பெற்றோரே பாடம் நடத்துகிறார்கள். மத்தியானத்துக்கு மேல் டிங்கி அவர்கள் கையில். அவர்கள் விளையாட்டுத் தோழர்களை வயசு பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. துறையில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் தோழர்கள். பதினான்கு வயதுப் பையன் ஐந்து வயதுப் பெண்ணோடு மணலில் கோட்டை கட்டிக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் ஒரு படகு தெற்கே போகும், இன்னொன்று வடக்கே. பிரிவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமான பாடம். இன்னொரு பிள்ளையுள்ள படகு எந்தத் துறையில் நிற்கிறது என்று ரேடியோவில் விசாரித்து, அந்தப் பிள்ளைக்காகவே பாதையை மாற்றி ஓட்டுகிற பெற்றோர் உண்டு.

இப்போது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருப்பது படகின் பின்பக்கக் கம்பத்தில் வெள்ளைத் தட்டாக உட்கார்ந்திருக்கும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம். கடந்த சில ஆண்டுகளில் அது படகுகளில் பரவிய வேகம் பெரிது. நடுக்கடலில் வீடியோ அழைப்பு வருகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே முகத்தைப் பார்த்துப் பேசலாம். வானிலைப் படம் வண்ணத்தில் வருகிறது. அங்கிருந்தே வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பேரப்பிள்ளை நடக்க ஆரம்பித்ததை ஒரு மாதம் கழித்துக் கடிதத்தில் படித்த தலைமுறையிடம் போய், பழையதுதான் நன்றாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று குறைகிறது. முன்பெல்லாம் புதிதாக ஒரு படகு துறைக்குள் வந்து நங்கூரம் போட்டால், பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் டிங்கியில் போய்த் தட்டி விசாரிப்பார். கரையில் தண்ணீர் எங்கே, டீசல் எங்கே, எந்தப் பக்கம் பாறை என்று சொல்வார். மாலையில் வாருங்கள் என்பார். வந்தவருக்கு அந்தத் தகவல் தேவைப்பட்டது, சொன்னவருக்குப் பேச்சுத் தேவைப்பட்டது. இப்போது தகவல் தட்டில் வந்துவிடுகிறது. மாலையானதும் படகுக்குப் படகு சன்னலில் நீல வெளிச்சம். நம் தெருக்களில் திண்ணை போன கதைதான். இதைக் கண்டுகொண்டு, சாயங்காலம் ஆனதும் தட்டை அணைத்துவிடுகிற படகுகளும் இருக்கின்றன. பேட்டரியும் மிஞ்சுகிறது. அவர்கள் செய்வது சரியென்றுதான் எனக்குப் படுகிறது.

மாலை ஐந்து மணி. மேற்கே சூரியன் இறங்குகிறது. ஒரு டிங்கி ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் போகிறது. அதில் இரண்டு பேர், நடுவில் மூடிய பாத்திரம் ஒன்று, மடியில் டோமினோ பெட்டி. போகிற இடத்தில் குவளை குறைவாக இருக்கும் என்பதால் அவரவர் குவளையை அவரவரே எடுத்துப் போகிறார்கள். பக்கத்துப் படகுக்காரர் காக்பிட்டிலிருந்து கையைத் தூக்கி, மேசையில் இன்னொரு இடம் இருக்கிறதா என்று சைகையில் கேட்கிறார். இருக்கிறது.

ஏப்ரல் முடிவதற்குள் துறை காலியாக ஆரம்பித்துவிடும். ஜூன் 1 முதல் சூறாவளிக் காலம். சிலர் வடக்கே அமெரிக்கக் கரைக்கு, சிலர் துணிந்து தெற்கே. காலை எட்டு மணி ரேடியோவில் வந்தவர்கள் பட்டியல் சுருங்கி, போகிறவர்கள் பட்டியல் நீளும். ஒவ்வொரு படகின் பெயரையும் வாசித்து, நல்ல காற்று கிடைக்கட்டும் என்று சொல்வார்கள். ஒருநாள் காலை அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் படகும் பட்டியலில் இருக்கும். மைக்கை வேறொருவர் வாங்கிக்கொள்வார். மிச்சமிருப்பது இருபதோ முப்பதோ படகு. வானிலை வாசிப்பார், உபரிச் சாமான் வாசிப்பார், பிறகு வழக்கம்போலக் கேட்பார்:

"புதிதாக வந்து சேர்ந்தவர்கள் யாராவது?"